கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

அது ஒரு பழைய மாருதி ஆம்னி வண்டி. பெங்களூரில் வாடகைக்கு ஓடுகிறது. அதை ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்தவர். வண்டி அவருக்குச் சொந்தம். அந்த வண்டியை நம்பித்தான் அவர் குடும்பம் இருக்கிறது.

ஒரு சமயம் ஒரு குடும்பத்தைத் தர்மஸ்தலா கோயிலுக்கு அழைத்துப் போனார். பெரியவர்கள் ஐந்து பேர். குழந்தைகள் இரண்டு பேர். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது ஷிராடி மலைப்பாதையில் ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் என்ஜின் பெரிதாகச் சத்தம் போட்டது. வண்டியோ நகர மறுத்தது. ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. பிறகு ஒரு வாடை வந்தது. துணி கருகுவது போன்ற வாடை.

எல்லோரும் இறங்கினார்கள். மழை தூறிக்கொண்டு இருந்தது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். பின்னால் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலை ஓரத்தில் நனைந்தபடி நின்றார். ஓட்டுநர் வேறு வண்டி பிடித்து அவர்களை ஊருக்கு அனுப்பினார். வாங்க வேண்டிய வாடகை போனது. தன் வண்டியை ஒரு காலி லாரியில் ஏற்றிப் பெங்களூர் கொண்டுவந்தார். அதற்கும் பணம் போனது.

பட்டறைக்கு வண்டி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பட்டறைக்காரர் வேலூர்ப் பக்கத்துக்காரர். வயதானவர். பெங்களூரிலேயே பல ஆண்டுகளாகத் தொழில் செய்கிறார். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"கேபிள் நட்டை யார் தம்பி திருகினது?"

"நான்தாண்ணே. ரெண்டு வாரமா வண்டி சரியா இழுக்கலே. கிளட்ச் லூசாயிடுச்சுன்னு நெனச்சேன். கொஞ்சம் இறுக்கிவிட்டேன்."

"இறுக்கினதும் இழுத்துச்சா?"

"இல்லேண்ணே. அதனால இன்னும் ரெண்டு சுத்து இறுக்கினேன்."

"அடடா! தளர்த்த வேண்டிய இடத்துல இறுக்கிட்டியே தம்பி!"

ஓட்டுநர் திகைத்துப் போனார். எனக்கும் அப்போது புரியவில்லை. வழுக்குகிற ஒன்றை இறுக்கினால்தானே பிடிக்கும்? கிளட்ச் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

வண்டி நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டு இருக்கிறது. சக்கரம் நிற்கிறது. ஓடுகிற என்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் சேர்க்க வேண்டும். கியர் மாற்றும்போது பிரிக்க வேண்டும். மீண்டும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்சின் வேலை.

வீட்டில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துணியை வையுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி கீழ்த்தட்டைத் திருப்புங்கள். மேல்தட்டும் கூடவே திரும்பும். அழுத்தத்தை விட்டுவிட்டுத் திருப்புங்கள். கீழ்த்தட்டு மட்டும் திரும்பும். அரைகுறையாக அழுத்தினால் என்ன ஆகும்? துணி தேயும். நெடுநேரம் தேய்த்தால் சூடாகும்.

கிளட்சும் இப்படித்தான். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ஃபிளைவீல். அதை ஒட்டிக் கிளட்ச் பிளேட் இருக்கிறது. அதுதான் துணி மாதிரி. அதன் இரு பக்கமும் உரசும் பொருளைப் பதித்திருப்பார்கள். பிளேட்டுக்கு மேலே பிரஷர் பிளேட். இதில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. அது பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்துகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிளேட்டை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங். உங்கள் காலும் கேபிளும் அதை அழுத்துவது இல்லை. நீங்கள் மிதிக்கும்போது கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் போய் ஸ்பிரிங்கின் நடுப்பகுதியை அழுத்துகிறது. உடனே பிடி விடுகிறது. அதாவது கேபிள் இருப்பது பிடிப்பதற்கு அல்ல, விடுவிப்பதற்கு.

கேபிளை அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும்? நீங்கள் காலை எடுத்த பிறகும் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கும். யாரோ எப்போதும் கிளட்சைப் பாதி மிதித்தபடி உட்கார்ந்திருப்பது போல! ஸ்பிரிங்கால் முழு பலத்தோடு அழுத்த முடியாது. பிளேட் வழுக்கும். உரசி உரசிக் கருகும். ஷிராடி ஏற்றத்தில் நடந்தது இதுதான்.

வெறும் மிதி

கிளட்ச் மிதியைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் லேசாகப் போகும். பிறகு கடினமாகும். அந்த லேசான தூரத்தை மெக்கானிக்குகள் 'ஃப்ரீ பிளே' என்பார்கள். நாம் அதை 'வெறும் மிதி' என்று சொல்வோம். அந்தத் தூரத்தில் பேரிங் இன்னும் ஸ்பிரிங்கைத் தொடவில்லை என்று அர்த்தம்.

கேபிள் உள்ள பல சிறிய கார்களில் வெறும் மிதி 15 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும். சுமாராக ஒரு கட்டைவிரல் அகலம். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பலர் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பதே இல்லை. உறையோடு பெட்டிக்குள் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் எண்கள் புரியும். படத்தில் மிதியைப் போட்டு அளவைக் குறித்திருப்பார்கள்.

வெறும் மிதி ஒரே அளவில் நிற்காது. இரண்டு காரணங்களால் அது மாறும். கேபிள் நாளடைவில் கொஞ்சம் நீளும். அப்போது வெறும் மிதி கூடும். ஆனால் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வெறும் மிதி குறையும். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

பிளேட் தேய்ந்தால் ஏன் குறைகிறது? பிள்ளைகள் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கும் அப்படியே. அதன் ஓரம் பிளேட்டை அழுத்துகிறது. அதன் நடுவில் விரல் போன்ற நுனிகள் பேரிங்கைப் பார்த்து நிற்கின்றன. பிளேட் தேய்ந்து மெலிந்தால் ஓரம் உள்ளே போகும். நுனிகள் வெளியே, பேரிங் பக்கம் வரும். இடைவெளி சுருங்கும். கடைசியில் நுனிகள் பேரிங்கைத் தொட்டுவிடும். அப்போது வெறும் மிதி பூஜ்யம். வழுக்கல் தொடங்கும்.

அப்போது கேபிளைத் தளர்த்தி இடைவெளியைத் திரும்பத் தர வேண்டும். நம் ஓட்டுநர் நேர்மாறாகச் செய்துவிட்டார்.

"மொதல் தடவை இழுவை குறைஞ்சப்பவே அரை சுத்து தளர்த்தியிருந்தா இந்தப் பிளேட் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் தம்பி," என்றார் பட்டறைக்காரர். கழற்றிய பிளேட்டைக் காட்டினார். கருத்து, பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தது. அப்படி ஆன பிளேட் இனிப் பிடிக்காது. நட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயன் இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

அளந்து பார்ப்பது எப்படி?

ஒரு அடிக்கோல் போதும். வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். அடிக்கோலை மிதிக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி நிறுத்துங்கள். மிதி எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது? குறித்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இப்போது மிதியைக் கையால் அழுத்துங்கள். காலால் அழுத்த வேண்டாம். காலுக்கு இந்த லேசான தூரம் தெரியாது. கடினமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே 130 இருக்கிறது. 150-இல் 130 போனால் 20. வெறும் மிதி 20 மி.மீ. நல்ல அளவு.

விடை 5 வந்தால் நட்டைத் தளர்த்த வேண்டும். 40 வந்தால் இறுக்க வேண்டும். இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வெறும் மிதி அதிகமானாலும் தொல்லைதான். மிதியை முழுவதும் அழுத்தினாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது. கியர் 'கரகர' என்று உராயும். ரிவர்ஸ் விழாது. கிளட்சை மிதித்து நிற்கும்போதே வண்டி மெல்ல முன்னால் நகரும். முன்னால் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

நட்டைத் திருகும் முன்

நட்டு கேபிளின் முனையில், கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். சில வண்டிகளில் பானட்டைத் திறந்தாலே கை எட்டும். சில வண்டிகளில் அடியில்தான் போக வேண்டும். ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். அது சாய்ந்தால் உங்கள் நெஞ்சின் மேல் வண்டி. செங்கல்லையும் சிமெண்ட் கல்லையும் முட்டுக் கொடுக்க வேண்டாம். அவை திடீரென நொறுங்கும். பட்டறையில் இருக்கும் இரும்புத் தாங்கிகளை வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். பட்டறைக் குழி இருந்தால் இன்னும் நல்லது. இந்த வசதி இல்லையா? அளந்து பார்ப்பதோடு நிறுத்துங்கள். திருகுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள். எண்ணைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

ஓடி வந்த வண்டியின் புகைக்குழாய் கொதிக்கும். ஆறவிடுங்கள். பிறகு கேபிளைப் பாருங்கள். கம்பி இழை ஏதாவது அறுந்து முள் போல நீட்டிக்கொண்டு இருந்தால் நட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கேபிள் நடுவழியில் அறும். புதிது போடுங்கள். மிதி நாளுக்கு நாள் கனமாவதும் கேபிள் கெடுவதன் அடையாளம்.

நட்டைத் திருப்பும்போது கேபிள் முனையும் சேர்ந்து சுற்றக் கூடாது. முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரை சுற்று திருப்புங்கள். மிதியைக் காலால் நான்கைந்து முறை நன்றாக மிதித்து விடுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னும் அரை சுற்று. அவசரப்பட்டு நான்கு சுற்று திருப்பிவிட்டுப் பிறகு தேட வேண்டாம். பூட்டு நட்டு இருந்தால் கடைசியில் அதை மறக்காமல் இறுக்குங்கள்.

நட்டை மரையின் கடைசி வரை தளர்த்தியும் வெறும் மிதி வரவில்லையா? பிளேட் தன் ஆயுளை முடித்துவிட்டது.

சரி செய்த பிறகு சோதனை செய்யலாம். வெட்டவெளியான சமதளம் வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். என்ஜினை ஓட்டி, மூன்றாம் கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். கிளட்ச் நல்லபடியாகப் பிடித்தால் என்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. உடனே நிறுத்துங்கள். ஒரு முறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நாமே பிளேட்டைக் கருக்கிவிடுவோம்.

சில சமயம் வெறும் மிதி சரியாக இருக்கும், ஆனாலும் வழுக்கும். என்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கலாம். எண்ணெய் பட்ட பிளேட் பிடிக்காது. ஆயில் சீலையும் பிளேட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எல்லா வண்டியிலும் கேபிள் உண்டா?

இல்லை. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. 2014-இல் அதன் தயாரிப்பு நின்றது. ஆம்னி 1984-இல் வந்தது, 2019-இல் நின்றது. இரண்டிலும் கேபிள் கிளட்ச்தான். இந்த வண்டிகள் இன்றும் ஊர் ஊராக ஓடுகின்றன. வேறு பல கார்களில் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச் வேலை செய்கிறது. அவற்றில் பெரும்பாலும் தேய்மானத்துக்குத் தக்கபடி தானே சரியாகிக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணெய் மட்டம். குறைந்தால் எங்கோ கசிகிறது. மூடியின் மேல் எழுதியுள்ள அதே வகை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். அந்த எண்ணெய் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும். கிளட்ச் மிதியே இல்லாத கார்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை வேறு கதை.

பிளேட்டை மாற்றும்போது

கியர் பெட்டியை இறக்குவதுதான் பெரிய வேலை. இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது சரியல்ல என்பது என் எண்ணம். பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதே மேல். ஒரு பேரிங்குக்காக இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டி வரும். நம் ஓட்டுநரும் முதலில் பிளேட் மட்டும் போதும் என்றுதான் சொன்னார். கையில் பணம் இல்லை. பட்டறைக்காரர் பாதிப் பணத்தை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முழுசெட்டும் போட்டார்கள்.

அப்போது பட்டறைப் பையன் ஒருவன் உள்ளே இருந்த கருப்புத் தூசியை வாயால் ஊதப் போனான். பட்டறைக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். சில பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அதுதான். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் கூட வரும். எனவே ஊதக் கூடாது. காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும்.

கியர் பெட்டியும் கியர் ஆயிலும்

கியர் பெட்டியைப் பலர் மறந்தே போகிறார்கள். அதற்கும் ஆயில் உண்டு. கையேட்டில் சொன்ன வகை ஆயில், சொன்ன அளவில் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு மூடி இருக்கும். சமதளத்தில் அதைத் திறந்தால் துளையின் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால் அன்றே பாருங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது மாவு போன்ற இரும்புப் பொடி கொஞ்சம் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் பல்சக்கரம் உடைகிறது.

சத்தத்தைக் கேட்டும் நோய் சொல்லலாம். கிளட்சை மிதித்ததும் சத்தம் வருகிறதா? ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதிக்காதபோது சத்தம், மிதித்ததும் நிற்கிறதா? கோளாறு பெரும்பாலும் கியர் பெட்டிக்குள் உள்ள பேரிங்கில்.

கால் பழக்கம்

கிளட்சைத் தின்பது தூரம் அல்ல, கால்தான். ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள் சிலர். கால் கனமே போதும், பேரிங் ஸ்பிரிங்கைத் தொட. சிக்னலில் முதல் கியர் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்பார்கள் சிலர். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பது இன்னும் மோசம். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும்போதுதான் பிளேட் மிக அதிகமாகத் தேய்கிறது. குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று நம் நாட்டுச் சாலை விதி சொல்கிறது. இறக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டோ, நியூட்ரலில் போட்டோ உருட்டாதீர்கள். டீசல் மிச்சம், பெட்ரோல் மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள். என்ஜினின் பிடி போய்விடும். எல்லாச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்று ஓட்டுநர் கடையில் ஒரு சிறிய நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் தேதி போட்டார். மீட்டரில் இருந்த கிலோமீட்டரை எழுதினார். அதன் கீழே, 'புது கிளட்ச் செட். வெறும் மிதி 20' என்று எழுதினார். இப்போது மாதம் ஒரு முறை அடிக்கோலை எடுக்கிறார். சென்ற மாதம் நான் பார்த்தபோது நோட்டில் கடைசி எண் 17.